பால் வாங்கப் போன ஸ்கூட்டர்

போன கிழமை ஒரு கட்டுக் கொத்தமல்லிக்காகக் கார் எடுத்துக்கொண்டு போனேன். கடை வாசலுக்குக் கிட்ட இடம் கிடைக்கவேண்டுமென்று தரிப்பிடத்தை நாலைந்து தரம் சுற்றினேன். அந்த நேரத்தில் நடந்தே போய் வந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து கொத்தமல்லியை மேசையில் வைத்துவிட்டு, உடம்புக்கு நல்லதென்று நடை இயந்திரத்தில் ஏறி நடந்தேன். சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு நிலக்கீழ் அறையிலும் அதே இயந்திரம் நிற்கிறது, நான் பார்த்திருக்கிறேன். உங்களுடையதில் உடுப்புக் காயப்போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நாங்களெல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் மொன்றியலுக்குக் கொண்டுவந்து இறக்கப்பட்ட பிள்ளைகள். பள்ளிக்கூடத்துக்குப் பிரெஞ்சு, தொலைக்காட்சிக்கு ஆங்கிலம், ஏச்சு வாங்குவதற்குத் தமிழ் என்று வளர்ந்தோம். அந்த நாளில் எங்களில் எத்தனை பேர் வீட்டில் கார் இருந்தது? எங்கள் வீட்டில் இல்லை. எங்களிடம் சித்தி இருந்தார். சித்தியிடம் ஸ்கூட்டர் இருந்தது.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. கார்ட்டியர்வில்லில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டில், என்னுடைய அறையில், என்னுடைய கட்டிலில் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டு இருந்தார். கிழமை நாட்களில் ஷபனெல் வீதியில் ஒரு தையல் தொழிற்சாலையில் குளிர் அங்கிகளுக்குக் கை பொருத்துகிற வேலை. "எத்தினை கை பொருத்திறன் தெரியுமே? ஒண்டுக்கும் உடம்பில்லை" என்று சொல்லித் தானே சிரிப்பார்.

ஊரில் அவர் சாளி ஓட்டித் திரிந்தவர். மறந்துபோனவர்களுக்குச் சொல்கிறேன், சாளி என்பது யாழ்ப்பாணத்தில் ரீச்சர்மாரும் நேர்ஸ்மாரும் ஓட்டிய குட்டி மோட்டார் சைக்கிள். அந்தக் கை சும்மா இருக்குமா? தொழிற்சாலையில் பக்கத்து மெஷினில் தைத்த இத்தாலிய மனுஷியின் கராஜில் தூசி பிடித்துக் கிடந்த ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பாகற்காய்ப் பச்சை. இருக்கைத் தோல் ஒரு மூலையில் கிழிந்து மஞ்சள் பஞ்சு எட்டிப் பார்க்கும். கைபிடிக்குக் கீழே பை மாட்ட ஒரு கொளுக்கி. உதைத்தால் முதலில் இருமும், பிறகு தும்மும், அதற்குப் பிறகு எங்கள் கட்டிடத்தில் இருக்கிற அத்தனை ஜன்னலும் திறக்கும்.

அம்மா பல்கனியில் இருந்து பார்த்து ஒரே ஒரு சொல்தான் சொன்னார். "கடவுளே."

அப்பாவுக்கு டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பொதி ஏற்றுகிற வேலை. இயந்திரங்களில் மரியாதை உள்ளவர். கீழே இறங்கிப் போய்ச் சில்லை ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, "காத்துக் காணாது" என்றார். அதை நாங்கள் அனுமதி என்று எடுத்துக்கொண்டோம்.

எனக்கு அப்போது பதினொரு வயது. கால் பின் மிதியைத் தொட்டால்தான் ஏற்றுவேன் என்றார் சித்தி. அந்த வசந்தம் முழுவதும் நான் கதவுச் சட்டத்தில் தொங்கி உயரம் வளர்த்தேன். வளர்ந்தேனா, அல்லது தடித்த அடி வைத்த சப்பாத்து உதவியதா என்பதை இப்போது விசாரிக்க வேண்டாம். கோடை தொடங்கியபோது கால் எட்டியது. யாரோ வீட்டு வாசலில் விற்ற பழைய ஹெல்மெட் ஒன்றும் கிடைத்தது. செம்மஞ்சள் நிறம். பக்கத்தில் பல்லைக் காட்டும் டைனோசர் படம்.

"எடி பிள்ளை, வடிவாப் பிடி" என்றார் சித்தி. "ஆனா என்னைப் பிடியாதை, கூசுது."

"அப்ப எதைப் பிடிக்கிறது?"

"கடவுளை."

வளைவில் அவரோடு சேர்ந்து சரியவேண்டும். அதுதான் எனக்கு வரவில்லை. ஸ்கூட்டர் இடப்பக்கம் சரிந்தால் நான் பயத்தில் வலப்பக்கம் சரிவேன். "நீ என்ன, எதிர்க்கட்சியோ?" என்று காற்றுக்குள் கத்துவார். ஒரு மாதம் பிடித்தது எனக்குப் பழக. பழகிய பிறகோ, அந்தப் பின் இருக்கை எனக்கென்றே செய்யப்பட்டது என்று நினைத்துக்கொண்டேன். வெயிலில் காய்ந்த இருக்கை தொடையைச் சுட, மடியில் புதினாக் கட்டு, காதுக்குள் காற்று. ராணி என்றால் அதுதான்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் ஊர்வலம். அம்மா வாய்ப்பாடு மாதிரிச் சொல்லி அனுப்புவார்: ஆட்டிறைச்சி எலும்போடு, மீன் கண் வெளுக்காதது, கறிவேப்பிலை வாடாதது. நாங்கள் வாசலில் சப்பாத்துப் போடும்போது ஒரு கேள்வி வரும்.

"தூரமோ?"

"கிட்டத்தான் அக்கா" என்பார் சித்தி.

எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளிக்கிடுகிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் பிழைத்துவிடும். ஆனால் அறியாமல் இருக்கவும் முடியாது. ஆகவே தூரமோ என்று சுற்றிவளைத்துக் கேட்பது. சித்தி அந்த வழக்கத்தின் நிழலில் சொகுசாக வாழ்ந்தார். கிட்டத்தான் என்ற ஒரு சொல்லுக்குள் மொன்றியல் தீவு முழுவதையும் மடித்து வைத்திருந்தார்.

முதலில் ரொட்டிக் கடை. லெபனான்காரர் ஒருவருடையது. புருவமெல்லாம் மா. அடுப்பின் வாய்க்குள் தட்டிய மா வட்டத்தை எறிந்து, அது உப்பி எழும்பும்போது பெரிய அகப்பையால் இழுப்பார். மேலே காய்ந்த இலைத்தூளும் எள்ளும் ஒலிவ் எண்ணெயும். அம்மா அதைப் 'புல்லுப் பாண்' என்று சொல்லித் தொடமாட்டார். எங்களைக் கண்டதும், "போன்ஜூர் மதாம் ஸ்கூட்டர்!" என்று கடை அதிரக் கூப்பிட்டு, வாங்குகிற ரொட்டியோடு சூடான ஒன்றைச் சித்திக்கென்று மடித்துக் கொடுப்பார். அதற்கு மட்டும் எண்ணெய் கூட. அதில் பாதி எனக்கு. பாதி என்று சித்தி சொன்னது. நான் எப்போதும் பெரிய பாதியை எடுத்தேன்.

பிறகு இறைச்சிக் கடை, மீன்கடை. வியட்நாம் மீன்காரி. சித்தி முதல் நாள் ஊரில் செய்கிற மாதிரிச் செவுளைக் கிளப்பிப் பார்க்க, மீன்காரி கையில் ஒரு அடி போட்டார். சித்தி விடவில்லை. அடுத்த சனியும் கிளப்பினார், அடுத்த சனியும் அடி விழுந்தது. ஆடி மாதம் அளவில் மீன்காரியே நல்ல மீனாகப் பார்த்து, செவுளைத் தானே திறந்து, சித்தியின் மூக்குக்கு நேரே நீட்டத் தொடங்கினார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியில் பத்துச் சொல் இருக்கவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள், நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பேன்.

தமிழ்க் கடை கடைசி. வெள்ளிக்கிழமை விமானத்தில் வந்த கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் சனி காலையில் அங்கே பெட்டி பிரியும். அந்த வாசமும் ஊர் விடுப்பு வம்பும் ஒரே பெட்டியில் வந்தன என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாம் வாங்கியாயிற்று என்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதானே? சித்தி போகமாட்டார். கொளுக்கியில் இறைச்சிப் பை ஆட, டோர்வல் பக்கம் விடுவார். விமான நிலையத்து வேலிக்கு வெளியே ஒரு புல்வெளி. அங்கே ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு விமானங்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். வயிறு தெரிய இறங்குகிற ஒவ்வொரு விமானத்துக்கும் நான் அப்பாவுக்கென்று கை காட்டுவேன். அப்பா விமானத்துக்குள் இல்லை, கீழே பெட்டி சுமந்துகொண்டிருப்பார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கோ இருப்பார்தானே. சித்தி புல்லில் காலை நீட்டி இருப்பார். ஒரு வேலையும் செய்யாமல் அவர் இருந்ததை நான் அங்கே மட்டும்தான் கண்டேன்.

இதுதான் எங்கள் ரகசியம். ரகசியமே இல்லை. ஆனால் எங்கள் கட்டிடத்துக் கீழ்வீட்டு அன்ரி ஒரு நாள் பஸ்ஸில் இருந்து பச்சை ஸ்கூட்டரைக் கண்டுவிட்டார்.

"அக்கா, டோர்வல் பக்கத்தில என்ன கறிவேப்பிலையே விக்கினம்?" என்று அம்மாவிடம் கேட்டார். அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமைக்குள் சித்திக்கு ஒரு காதலன் உருவாகிவிட்டான். தமிழ்க் கடையில் அவன் வெள்ளைக்காரன். கோயிலில் அவன் விமான ஓட்டி. கீழ்வீட்டு அன்ரியிடம் அவனுக்கு ஏற்கெனவே கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள்.

சித்தியிடம் நேரே கேட்க அம்மாவுக்கு வாய் வரவில்லை. வாசலில் கேட்க வழக்கம் விடவில்லை. திரும்பி வந்தபின் கேட்க மரியாதை விடவில்லை. என்னைக் கேட்டார். குசினியில், வடை பொரித்துக்கொண்டு.

"எடி, உண்மையைச் சொல்லு. சித்தி ஆரையும் சந்திக்கிறவவோ?"

"ஓம்."

கரண்டி நின்றது. "ஆர்?"

"ரொட்டிக்காரர். மீன்காரி."

"விளையாடாதை. டோர்வலில ஆர்?"

"ஒருத்தரும் இல்லை. பிளேன் பாப்பம்."

"பிளேனில ஆர்?"

"அம்மா, அது எங்களுக்கு எப்பிடித் தெரியும்? சும்மா இருந்து பாத்திட்டு வருவம்."

அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவர் நம்பாததில் நியாயம் இருந்தது. அப்பா விமானம் ஓட்டுகிறார் என்று வகுப்பில் சொன்னவள் நான். வீட்டுப்பாடத்தில் இருந்து தப்ப ஒரே ஆசிரியையை இரண்டு தரம் சாகடித்தவள் நான். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு முழு உண்மையைச் சொன்னேன், அதை வாங்க ஆளில்லை. கல்யாணமாகாத ஒருத்தி ஒரு காரணமும் இல்லாமல் புல்லில் இருந்து ஆகாயத்தைப் பார்ப்பாள் என்பதைவிட, இரண்டு பிள்ளைக்காரனான விமான ஓட்டி அவர்களுக்கு நம்பக்கூடியதாக இருந்தான்.

இப்போது கணக்குப் பார்த்தால் அம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அதைவிட வயதான குளிர் அங்கி என்னிடம் இருக்கிறது. ஊரில் இருக்கும் பெற்றோர் நம்பி ஒப்படைத்த தங்கை, புரியாத பாஷை பேசுகிற ஊர், யாரிடம் போய்க் கேட்பது? கோபம் என்று நாங்கள் நினைத்தது முழுவதும் பயம். அன்று அதைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு எனக்கு மூளை இருக்கவில்லை. இருந்ததெல்லாம் பசி.

பயந்த அம்மா, ரொறன்ரோவில் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்தார். சாதகம் பொருந்தியது. சித்தி மறுக்கவில்லை. "வந்து பாக்கட்டும், நானும் பாக்கிறன்" என்றார். எனக்குத்தான் உலகம் இடிந்தது. சரிவந்தால் சித்தி ரொறன்ரோவுக்குப் போய்விடுவார். சித்தி போனால் ஸ்கூட்டர் போய்விடும், சனிக்கிழமையே போய்விடும். பிள்ளையாரிடம் சுருக்கமாக ஒரு விண்ணப்பம் வைத்தேன்: மாப்பிள்ளைக்குச் சித்தியைப் பிடிக்கக்கூடாது. அதற்கு என்ன செய்யவேண்டும் என்பதை அவருடைய பொறுப்பில் விட்டேன்.

அவர்கள் ஒரு ஞாயிறு காலை வந்தார்கள். மாப்பிள்ளையும் அவருடைய தாயும். முதல் நாளே அம்மா ஸ்கூட்டரைக் கட்டிடத்தின் பின்பக்கம் குப்பைத் தொட்டிகளுக்கு இடையில் தள்ளுவித்து, மேலே ஒரு கட்டில் விரிப்பையும் போர்த்திவிட்டார். "அவையள் கண்டால் முடிஞ்சுது கதை" என்றார். அப்படியானால் விரிப்பை இழுத்து எறிந்துவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் புதுச் சட்டை போட்டு, தலையை இழுத்துப் பின்னி, அசையாதே என்று கதிரையில் வைத்திருந்தார்கள்.

மாப்பிள்ளை ஒல்லியானவர். வெள்ளைச் சேட்டு. கதிரையின் நுனியில், பஸ் வந்தால் ஏறுவதற்குத் தயாராக இருப்பவர்போல இருந்தார். சித்தி சேலை கட்டி, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுவே புதினமாக இருந்தது. நான் அறிந்தவரையில் அவர் நிலத்தைப் பார்த்தது எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்க்க மட்டும்தான்.

குசினியில் இருந்து அம்மாவின் குரல் கேட்டது. "ஐயோ, பால் திரைஞ்சு போச்சு!"

நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் பால் திரைவது. மாப்பிள்ளையின் தாய் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையார் வேலையைத் தொடங்கிவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

அப்பா எழும்பினார். அதற்கு முதல் சித்தி எழும்பிவிட்டார். "இருங்கோ அத்தான், நான் கெதியா வாங்கிக்கொண்டு வாறன்." கை பழக்கத்தில் ஆணியில் இருந்து ஸ்கூட்டர் திறப்பை எடுத்துவிட்டது. அம்மா கண்ணால் கெஞ்சினார். சித்தி வாசலில் செருப்பைத் தேடினார்.

அப்போதுதான் மாப்பிள்ளை கேட்டார். "எங்க போறீங்கள்?"

அம்மாவின் கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது. அவருடைய தாய், "தம்பி! உதென்ன கேள்வி, வெளிக்கிடுற நேரத்தில?" என்றார்.

"இல்லையம்மா" என்றார் அவர், காது சிவக்க. "போற இடம் தெரியாமல் நானும் வரட்டோ எண்டு எப்பிடிக் கேக்கிறது?"

சித்தி முதன்முதலாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அந்தக் கோடை முழுவதும் ஊரே சுற்றிவளைத்து விசாரித்த விஷயத்தை ஒருவர் நேரே கேட்டுவிட்டார். அதுவும் கூட வருவதற்காக.

"பால் வாங்க" என்றார் சித்தி. "ஸ்கூட்டரில. பின்னுக்கு இருக்கப் பயமில்லையோ?"

"பயம்தான். பரவாயில்லை."

நான் பல்கனிக்கு ஓடினேன். கீழே சித்தி விரிப்பை இழுத்து எறிந்தார். சேலையை ஒரு சுற்றில் சொருகினார். சாளி ஓட்டியவர்களுக்குச் சேலை ஒரு பொருட்டா? மாப்பிள்ளையின் தலையில் என்னுடைய ஹெல்மெட். உச்சியில் கோழி முட்டை மாதிரி நின்றது, டைனோசர் பல்லைக் காட்டியது. ஸ்கூட்டர் இருமியது, தும்மியது, எல்லா ஜன்னலும் திறந்தன. கீழ்வீட்டு அன்ரி வாசலுக்கே வந்துவிட்டார்.

பிள்ளையாரே, இப்போது, என்று வேண்டினேன். விழட்டும். மெல்லமாக விழட்டும், காயம் வேண்டாம், பயந்து இறங்கி ரொறன்ரோவுக்கு ஓடினால் போதும்.

வீதி முனையில் சித்தி திருப்பினார். ஸ்கூட்டர் இடப்பக்கம் சரிந்தது. மாப்பிள்ளையும் இடப்பக்கம் சரிந்தார். முதல் வளைவிலேயே. எனக்கு ஒரு மாதம் பிடித்த விஷயம். பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

உள்ளே மாப்பிள்ளையின் தாய் கேட்டார். "இந்தப் பிள்ளை எந்நாளும் இப்பிடியோ?"

"இல்லை" என்றேன் நான். "சனிக்கிழமையில மட்டும்."

அம்மா தலையில் கை வைத்தார். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "காத்துக் காணும்" என்று தனக்குள் சொன்னார்.

பால் விற்கிற டெப்பனர், அதுதான் பெட்டிக்கடை, எங்கள் வீதி மூலையில்தான். போய்வர ஐந்து நிமிடம். அவர்கள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கழித்து வந்தார்கள். மாப்பிள்ளையின் வெள்ளைச் சேட்டில் ஒலிவ் எண்ணெய். பல்லில் எள்ளு. ஒரு கையில் ரொட்டிப் பொதி, மறு கையில் ஈரப் பை.

"அம்மா, மீனைப் பாருங்கோ, செவுளைப் பாருங்கோ!" என்று பெண் பார்க்க வந்த வீட்டில், தாயின் முகத்துக்கு நேரே பையைத் திறந்து காட்டினார். சித்தி சுவரில் சாய்ந்து, வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"பால் எங்கையடி?" என்றார் அம்மா.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாலை மறந்துவிட்டார்கள். அன்று எல்லோரும் வெறுந்தேத்தண்ணி குடித்தோம். மாப்பிள்ளையின் தாயும் குடித்தார், புல்லுப் பாணையும் பிய்த்துத் தின்று பார்த்துவிட்டு, இன்னொன்று கேட்டார்.

அந்த மனுஷனை வெறுக்க நான் மிகவும் பாடுபட்டேன். முடியவில்லை. போகும்போது ஹெல்மெட்டை இரண்டு கையாலும் என்னிடம் திருப்பித் தந்து, "மகள், உங்கட இடத்தில இருந்திட்டன், குறை நினைக்காதேங்கோ" என்றார். அப்படிச் சொல்கிறவரை என்ன செய்வது? ஸ்கூட்டரைக் கண்டால் முடிந்தது கதை என்று அம்மா நினைத்தார். கண்டால் முடியட்டும் என்று நான் நினைத்தேன். இரண்டு பேருமே பிழை.

கல்யாணம் பனிக்கு முன் ரொறன்ரோவில் என்று முடிவாயிற்று. கடைசிச் சனிக்கிழமை மேப்பிள் இலையெல்லாம் சிவந்து வீதியில் கிடந்தது. எல்லாக் கடைக்கும் போனோம். சித்தி ஒருவரிடமும் சொல்லவில்லை. மீன்காரி செவுளைத் திறந்து காட்டினார், சித்தி தலையாட்டினார், வழக்கம் போலச் சிரித்தார்கள். ரொட்டிக்காரர் பொதியைக் கொடுத்து, "ஆ சம்தி, மதாம் ஸ்கூட்டர்!" என்றார். சனிக்கிழமை பார்ப்போம் என்று அர்த்தம்.

"ஆ சம்தி!" என்றார் சித்தியும்.

வெளியே வந்ததும் நான் சண்டை பிடித்தேன். "ஏன் பொய் சொன்னீங்கள்?"

"சொன்னா அந்தாள் அழும். நானும் அழுவன். பிறகு ஆர் ஓட்டுறது, நீயோ?" தன் ஹெல்மெட்டின் கண்ணாடியை இழுத்து மூடினார். "ஏறு."

அன்று முதன்முறையாக அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். கூசுகிறது என்று அவர் சொல்லவில்லை.

நன்றாகத்தான் வாழ்கிறார்கள், இன்றைக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ஸ்கூட்டரை யாரோ ஒரு மாணவன் வந்து தள்ளிக்கொண்டு போனான். கட்டிலின் முக்கால்வாசி எனக்குத் திரும்பக் கிடைத்தது. அதில் எப்படிப் படுப்பது என்று தெரியாமல் பழைய கால்வாசியிலேயே படுத்தேன்.

சனிக்கிழமைகளில் அம்மாவும் நானும் சில்லு வைத்த பையை இழுத்துக்கொண்டு பஸ்ஸில் போகத் தொடங்கினோம். அம்மா இறைச்சிக் கடையில் நிற்க, ரொட்டிக் கடைக்கு நான் தனியாகப் போவேன்.

"மதாம் ஸ்கூட்டர் எங்கே?" என்று ரொட்டிக்காரர் பிரெஞ்சில் கேட்டார்.

"தடிமன், காய்ச்சல்" என்றேன். "அடுத்த சனி வருவா."

அவர் சூடான ரொட்டி ஒன்றை எண்ணெய் கூட விட்டு மடித்து, அவவுக்குக் கொடு என்று தந்தார். பஸ் தரிப்பில் நின்று நானே தின்றேன், இந்தத் தரம் முழுவதையும். அடுத்த சனி சித்திக்கு வேலை என்றேன். அதற்கடுத்த சனி கால் சுளுக்கு. ஒவ்வொரு சனியும் அவர் கேட்டார், நான் ஒன்று சொன்னேன், ரொட்டி வந்தது. "என்னடி, கொழுத்துக்கொண்டு போறாய்?" என்றார் அம்மா.

பிறகு பனி வந்தது. முழங்கால் அளவு பனியில் ஸ்கூட்டர் ஓடாது என்று அவருக்கும் தெரியும்தானே. ஒரு சனிக்கிழமை, சொல்வதற்குப் பொய் ஒன்றும் மிச்சமில்லாமல் நான் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்றேன். அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுப்புக்குள் மா வட்டத்தை எறிந்தார். அது உப்பி எழும்பும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். எடுத்து, எண்ணெய் விட்டு, மடித்து, என் கையுறையைக் கழற்றச் சொல்லி வெறும் கையில் வைத்தார்.

"இது உனக்கு" என்றார். "சூடு ஆறமுதல் தின்."

அவர் முன்னாலேயே நின்று தின்றேன்.